மாத்திரையில் தீரும் நோயை இன்னும் ஏன் தீராத நோயாக எழுதுகிறோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் கல்லீரல் நோய்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மது, கொழுப்புக் கல்லீரல், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஹெபடைட்டிஸ் சி வந்த இடத்தில் மட்டும் இரண்டே வரி. தடுப்பூசி கிடையாது, சத்தமில்லாமல் கல்லீரலை அழிக்கும் உயிர்க்கொல்லி வைரஸ், அவ்வளவுதான், கட்டுரை அடுத்த நோய்க்குப் போய்விட்டது. அந்த இரண்டு வரியிலும் பொய் இல்லை. தடுப்பூசி கிடையாது, சரி. சத்தமில்லாமல் கெடுக்கும், அதுவும் சரி. ஆனால் மூன்றாவதாக ஒரு வரி இருந்திருக்க வேண்டும்: இந்த நோய் மாத்திரையிலேயே முழுதாகக் குணமாகும், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில். அந்த வரி விடுபட்டதால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை வேலையில் பல வருஷம் இருந்தவள். டாக்டர் இல்லை, யாருக்கு எந்த மருந்து என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களின் முகத்தை முதலில் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள்தான். 'எச்.சி.வி. பாசிட்டிவ்' (எச்.சி.வி. என்றால் ஹெபடைட்டிஸ் சி வைரஸ்) என்ற வரியைப் பார்த்ததும் "இன்னும் எத்தனை நாள் இருப்பேன்மா?" என்று கேட்டவர்கள் உண்டு. "இது எய்ட்ஸா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களும் உண்டு. எதுவுமே கேட்காமல் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர்கள்தான் அதிகம். அவர்களில் பலர் திரும்ப வரவே இல்லை. அப்படிப் போனவர்கள் இந்த நோயைப் பற்றி அதற்கு முன்னால் ஏதாவது படித்திருந்தால் என்ன படித்திருப்பார்கள்? 'உயிர்க்கொல்லி' என்றுதானே?

இது யாருக்குத் தெரியவருகிறது என்று பாருங்கள். உடம்பு சரியில்லை என்று வந்து இதைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் பதிவேட்டில் குறைவு. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கிற வழக்கமான ரத்தப் பரிசோதனை, கண்புரை ஆபரேஷன், ரத்ததானம், கர்ப்பகாலப் பரிசோதனை, டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுப்பது, இப்படி வேறு காரியமாக வந்த இடத்தில்தான் பெரும்பாலும் தெரியவரும். மஞ்சள் காமாலை வந்தால்தான் கல்லீரலில் கோளாறு என்று நினைக்கிறோம். இந்த வைரஸ் தொற்றும்போது பெரும்பாலானவர்களுக்குக் கண்கூட மஞ்சளாவதில்லை. கொஞ்சம் அசதி இருக்கும், அதற்கு வயசாகிவிட்டது, வேலை அதிகம் என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். தொற்றியவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேரின் உடம்பு ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் வைரஸை விரட்டிவிடுகிறது. மீதி 70 சதவீதம் பேருக்கு அது தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது வருஷத்துக்குள் கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும் சிரோசிஸ் வரலாம், அதிலிருந்து கல்லீரல் புற்றுநோய் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் சுமார் 5 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். 2022-இல் மட்டும் சுமார் 2,42,000 பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். குணப்படுத்தும் மாத்திரை வந்து ஒன்பது வருஷம் ஆன பிறகு இத்தனை சாவு. இது எனக்குத் தாங்கவில்லை.

மருந்து இருந்தும் ஏன் இப்படி என்றால், நான் பார்த்தவரை முதல் ஓட்டை முதல் சோதனைக்கும் இரண்டாவது சோதனைக்கும் நடுவில் இருக்கிறது. முதலில் எடுப்பது ஆன்டிபாடி சோதனை, வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. வைரஸ் எப்போதாவது உடம்புக்குள் வந்து போயிருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். வந்த வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது ஆர்.என்.ஏ. சோதனை, வைரஸின் மரபுப்பொருளையே ரத்தத்தில் தேடுவது, வைரஸ் லோடு என்று டாக்டர்கள் சொல்வார்களே, அதுதான். தானாகவே குணமானவருக்கும் ஆன்டிபாடி பாசிட்டிவ் வரும், இன்றைக்கும் வைரஸைச் சுமந்துகொண்டிருப்பவருக்கும் பாசிட்டிவ்தான் வரும். அதாவது முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்களில் சிலருக்கு நோயே இல்லை. மற்றவர்களுக்கு நோய் இருக்கிறது, தீர்க்கவும் முடியும். ரெண்டு பேருக்குமே அந்த இரண்டாவது சோதனைதான் வேண்டும். எங்கள் ரிப்போர்ட்டின் கடைசியில் பொடி எழுத்தில் 'உறுதிப்படுத்த ஆர்.என்.ஏ. பரிசோதனை தேவை' என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். யார் கண்ணிலும் அது படாது. நான் பேனாவால் அதன் கீழே இரண்டு கோடு போட்டு, வாயாலும் சொல்லித்தான் கொடுப்பேன். "ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது, அதை முதலில் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேறு இடத்தில் ஆபரேஷனும் நடந்துவிடும். வைரஸ் அப்படியே உள்ளே இருக்கும்.

ஒரே ரத்த மாதிரியில் ஆன்டிபாடி பாசிட்டிவ் வந்தால் அதிலேயே ஆர்.என்.ஏ. சோதனையையும் ஓட்டிவிடும் முறை இருக்கிறது. ஆளைத் திரும்ப வரச் சொல்ல வேண்டியதே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. எல்லா ஆய்வகமும் மருத்துவமனையும் இதை வழக்கமாக்கிவிட்டால் நான் மேலே சொன்ன ஓட்டையில் பாதி அடைபடும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, இது எப்படிக் குணமாகிறது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 'வைரஸ் நோய் வந்தால் போகாது' என்ற நம்பிக்கை படித்தவர்களிடமே இருக்கிறது. எச்.ஐ.வி. நம் மரபணுவுக்குள்ளேயே போய்க் கலந்துவிடும். ஹெபடைட்டிஸ் பி கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் ஒரு நகலைப் பத்திரமாக வைத்துவிடும், அதனால்தான் பி-க்கு மாத்திரை பெரும்பாலும் வருஷக்கணக்கில் போகிறது. சி அப்படி இல்லை. அது உட்கருவுக்குள் போவதில்லை, எங்கேயும் நகலை ஒளித்து வைப்பதும் இல்லை. விடாமல் பெருகிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு வாழ்வு. சிகிச்சை எடுக்காத ஒருவர் உடம்பில் ஒரே நாளில் லட்சம் கோடி என்ற அளவில் புது வைரஸ்கள் உண்டாகின்றன. அந்தப் பெருக்கத்தை நிறுத்திவிட்டால், இருக்கிறதெல்லாம் கொஞ்ச நாளில் அழிந்துபோகும், மறுபடி தலைதூக்க வித்து இருக்காது. உங்கள் அச்சகத்தில் நடப்பதை வைத்தே சொல்லலாம்: ஒருவர் தாளை வெட்டுகிறார், ஒருவர் அச்சடிக்கிறார், ஒருவர் கட்டுக் கட்டுகிறார். வைரஸும் அப்படித்தான், ஒரே நீளமாக உருவாகும் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்ட ஒன்று, ஆர்.என்.ஏ.வை நகலெடுக்க ஒன்று, நகலெடுக்கவும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டவும் துணையாக ஒன்று என்று வைத்திருக்கிறது. இந்த மூன்றில் ஏதாவது இரண்டையாவது ஒரே சமயத்தில் முடக்குவதுதான் இப்போதைய மாத்திரைகளின் வேலை. ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு தப்பிக்கும், ரெண்டைச் சேர்த்துக் கொடுத்தால் தப்பிப்பது ரொம்பக் கஷ்டம்.

இதற்கு முன்னால் இருந்த சிகிச்சையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவைரின் மாத்திரை, ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம். ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரி குளிர்க் காய்ச்சல். முடி கொட்டும். மனச்சோர்வு வரும், சிலருக்கு அது தற்கொலை எண்ணம் வரைக்கும் போகும் என்பதால் குடும்பத்தாரைக் கூப்பிட்டுத் தனியாக எச்சரிப்பார்கள். எங்களிடம் ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்க அடிக்கடி வருவார்கள். ஒருவரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கனரக வண்டி ஓட்டுகிறவர், ஒவ்வொரு தடவை வரும்போதும் ஹீமோகுளோபின் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும், வெள்ளை அணுவும் தட்டணுவும் கூடவே இறங்கும். ஊசி போட உட்காரும்போது கையை நீட்டக்கூடத் தெம்பில்லாமல் மேஜை மேல் வைத்துவிடுவார். ஒரு வருஷ சிகிச்சையை முடித்தார். முடித்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வைரஸ் திரும்பிவிட்டது. இந்த வைரஸில் ஜீனோடைப் என்று சில வகைகள் உண்டு, அவருக்கு இருந்தது ஜீனோடைப் 1, அந்த வகைக்கு இன்டர்ஃபெரானில் குணமானவர்கள் பாதிப் பேர்கூட இல்லை.

அதே மனிதர் பல வருஷம் கழித்து மாத்திரை சிகிச்சைக்காக வந்தார். தினமும் ஒரு மாத்திரை, மூன்று மாதம். நடுவில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எந்த அணுவும் இறங்கவில்லை. வண்டியும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. நான் அந்த வரியைக் காட்டியும் அவர் நம்பவில்லை, "நல்லா பாருங்க, போன தடவையும் நடுவில் இப்படித்தான் வந்தது" என்றார். போன தடவை நடுவில் வந்தது வேறு, இது முடிந்து 12 வாரம் ஆன பிறகு வந்தது என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பன்னிரண்டு வாரக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாத்திரை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1989-இல்தான் இந்த வைரஸையே அடையாளம் கண்டார்கள். அதுவரை 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்றுதான் அந்த ஹெபடைட்டிஸுக்குப் பேர். கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. வைரஸின் நகலெடுக்கும் வேலையை ஆய்வகத்துச் செல்லில் ஓடவைக்க ரால்ஃப் பார்ட்டன்ஷ்லாகர் குழு வழி கண்டுபிடித்தது 1999-இல், அது இல்லாவிட்டால் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கவே முடிந்திருக்காது. 2011-இல் முதல் தலைமுறை மாத்திரைகள் வந்தன, ஆனால் அவற்றோடு இன்டர்ஃபெரான் ஊசியும் போட வேண்டியிருந்தது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிருக்கு அனுமதி கிடைத்தது, நகலெடுக்கும் வேலையை நிறுத்துவது அதுதான். 2014-இல் அதோடு லெடிபாஸ்விர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. 2016-இல் சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் இரண்டும் சேர்ந்தது வந்தது, ஆறு முக்கிய ஜீனோடைப்புக்கும் அதுவே போதும். 2017-இல் கிளெகாப்ரெவிர், பிப்ரென்டாஸ்விர் சேர்ந்தது, சிகிச்சை முன்பு எடுக்காத பெரும்பாலானவர்களுக்கு எட்டே வாரம். குணமாகும் விகிதம் 95 சதவீதத்துக்கு மேல். நாள்பட்ட வைரஸ் நோய் ஒன்றை மாத்திரையால் முழுதாகத் துடைத்தெடுப்பது என்பது மருத்துவத்தில் இதற்கு முன் நடக்காத காரியம், இதைத்தான் நீங்கள் தலைப்பில் போட்டிருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் விலை எட்டவே எட்டாத உயரத்தில் இருந்தது, அது உண்மை. பிறகு பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள் வந்து பல நாடுகளில் நிலைமை மாறிவிட்டது, பல அரசுகள் இலவசமாகவே தருகின்றன. பழைய செய்தியைப் படித்துவிட்டு 'நமக்கு எட்டாது' என்று இன்றைக்கும் விசாரிக்காமலே இருப்பவர்கள் இருக்கிறார்கள். விசாரியுங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

யாருக்குக் கொடுக்கலாம் என்பதிலும் பழைய எண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்து, கெட்டவர்களுக்கு முதலில் என்று வரிசை வைத்தார்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த வரிசையை எடுத்துவிட்டது, தொற்று இருக்கிற 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சிகிச்சை என்றது. 2022-இல் மூன்று வயதுக் குழந்தை வரை அதை நீட்டியது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் கொடுக்கலாம். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கும் கொடுக்கலாம். குடிப்பவர், போதை ஊசி போட்டுக்கொண்டவர் என்று யாரையும் திருப்பி அனுப்பச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் இல்லை. (குடித்தால் கல்லீரல் இன்னும் சீக்கிரம் கெடும், அது வேறு விஷயம், நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் நிறுத்தினால்தான் மருந்து என்று நிபந்தனை போடுவது அநியாயம்.)

சரி, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இங்கேதான் சில விஷயங்களை வாசகர்கள் டாக்டரிடம் தாங்களாகவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம் என்ற முழுப் பட்டியல் அவருக்குத் தெரிய வேண்டும். 'கேஸ் மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறோமே, அதை நாம் மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை. வெல்பட்டாஸ்விரும் லெடிபாஸ்விரும் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் சரியாகக் கரையும். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போட்டு அமிலத்தைக் குறைத்துவிட்டால் மருந்து ரத்தத்தில் போய்ச் சேரும் அளவும் குறைந்துவிடும். வலிப்புக்குத் தரும் கார்பமாஸெபின், ஃபெனிட்டாயின், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், இவை இந்த மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஒரேயடியாக இறக்கிவிடும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவருக்குச் சோஃபோஸ்புவிர் கொடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும், இல்லை கொஞ்ச நாள் நிறுத்த வேண்டியிருக்கும். மூலிகை என்று எதைச் சாப்பிட்டாலும் அதையும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அடிக்கடி சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும், வைரஸ் போகப்போக உடம்பு இன்சுலினுக்கு நன்றாக இசைய ஆரம்பிக்கும், அதே அளவு மருந்தில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம்.

இன்னொன்று, ஆய்வகத்துக்காரி என்ற முறையில் நான் விடாமல் சொல்வது: சி-க்கு மாத்திரை தொடங்கும் முன்னால் பி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ரெண்டு வைரஸும் ஒரே ஆளுக்கு இருந்தால் பெரும்பாலும் சி மேலே நின்று பி-யை அடக்கி வைத்திருக்கும். சி-யை விரட்டியதும் பி எழுந்துகொண்டு கல்லீரலைத் தாக்கலாம், சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து உயிரே போயிருக்கிறது. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே மருந்தின் விளக்கத்தாளில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வைக்கச் சொன்னது. ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடும் விஷயம் இது, தெரிந்துவிட்டால் பி-க்கும் மருந்து கொடுத்துச் சமாளித்துவிடுவார்கள்.

கல்லீரல் எந்த அளவுக்கு இறுகியிருக்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே பார்ப்பார்கள். அதற்குத் திசு எடுக்கும் ஊசி இப்போது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, கல்லீரலின் இறுக்கத்தை வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது, அது இல்லாத இடத்தில் வயது, இரண்டு கல்லீரல் என்சைம்கள், தட்டணு எண்ணிக்கை இந்த நாலை வைத்தே ஒரு கணக்குப் போட்டுவிடலாம். வயிற்றில் நீர் கோத்து, புத்தி குழம்பி, கல்லீரல் தளர்ந்துபோன நிலையில் இருப்பவர்களுக்கு 'ப்ரெவிர்' என்று முடியும் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு வேறு சேர்க்கை இருக்கிறது, தேர்ந்த கல்லீரல் மருத்துவர் கையில்தான் அது நடக்க வேண்டும். அவர்களிலும் கணிசமானவர்கள் குணமாகிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

மாத்திரை சாப்பிடுவதில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. தலைவலி, அசதி, கொஞ்சம் குமட்டல், சிலருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். டப்பாவில் 28 மாத்திரை, மூன்று டப்பா, 84 நாள். கஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. முதல் டப்பா முடிந்ததும் உடம்பு தெம்பாகிவிடும், சிலருக்கு நாலாவது வாரத்திலேயே ஆர்.என்.ஏ. 'கண்டறியப்படவில்லை' என்று வந்துவிடும். "போய்விட்டதே, இனி எதற்கு?" என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் அகப்படவில்லை என்றால் கல்லீரலில் கடைசி வைரஸும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நடுவில் நிறுத்தினால் மிச்சம் இருப்பது திரும்ப வளரும், அதுவும் மருந்துக்கு மசியாத வகையாக வளர வாய்ப்பிருக்கிறது. (அப்படி ஆனவர்களுக்கும் வாக்ஸிலாப்ரெவிர் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு 2017-இல் வந்தது, எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.) ஒரு நாள் மறந்துபோனால்? வெல்பட்டாஸ்விர் சேர்ந்த மாத்திரை என்றால், வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுக்கொள்ளலாம். அதையும் தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததை அதன் நேரத்துக்குப் போட வேண்டும். ரெண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் பன்னிரண்டு வாரம். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. எடுத்து, அதில் வைரஸ் இல்லை என்றால்தான் குணமாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்வார்கள். திரும்புவதாக இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் அதற்குள் திரும்பிவிடும். அதனால் அந்த ஒரு ரிப்போர்ட்டுக்குத்தான் மதிப்பு. ஆனால் மாத்திரை முடித்தவர்களில் எத்தனையோ பேர் அந்தச் சோதனைக்கு வருவதே இல்லை. நோய் தீர்ந்துவிட்டதா என்று தெரியாமலேயே காலத்தை ஓட்டுகிறார்கள், பயம் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. சிரோசிஸ் வந்துவிட்டவர்கள், வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கல்லீரல் ஸ்கேன் எடுத்தாக வேண்டும், புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிர முற்றாகப் போகாது.

நான் மிகவும் வருத்தப்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. முழுதாகக் குணமானவருக்கும் ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். அது வைரஸோடு உடம்பு சண்டை போட்டதன் தடயம். வேலைக்கு எடுக்கும் முன் உடல்தகுதிச் சோதனை என்று ஆன்டிபாடியை மட்டும் பார்த்துவிட்டு, குணமான ஆளைத் தகுதியில்லை என்று எழுதி அனுப்பிய ரிப்போர்ட்டுகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு இளைஞர், சிகிச்சை முடித்து ஆர்.என்.ஏ. நெகட்டிவ் தாளையும் கூடவே கொண்டு போயிருக்கிறார், அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். இன்னும் சரியாகச் சொன்னால், தொற்று இருக்கிறவரையே வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொல்ல நியாயம் கிடையாது. சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே தட்டு டம்ளர் புழங்குவதாலோ, இருமலாலோ, தொடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது. ரத்தம் ரத்தத்தோடு கலந்தால்தான் பரவும்: ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, சரியாகக் கொதிக்கவைக்காத கருவிகள், பரிசோதிக்காத ரத்தம், பச்சை குத்தும் ஊசி. வீட்டில் ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி இவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிரசவத்தில் வருவது நூற்றில் ஐந்தாறு பேருக்குத்தான், அந்தப் பிள்ளைக்கும் ஆன்டிபாடி சோதனை 18 மாதத்துக்கு முன்னால் எடுத்தால் தாயுடையதே காட்டிக் குழப்பும். ஒரு தடவை குணமானால் மறுபடி வராது என்றும் இல்லை, தடுப்பாற்றல் உண்டாவதில்லை, திரும்பத் தொற்றினால் திரும்ப வரும். வந்தால் திரும்பச் சிகிச்சையும் உண்டு.

இதெல்லாம் ஏட்டில் எழுத நன்றாக இருக்கும், ஒரு நாடு முழுக்கச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு எகிப்தைக் காட்டலாம். உலகத்திலேயே இந்தத் தொற்று மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று அது. அங்கே நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய் ஒன்றுக்கு 1950-களிலிருந்து 1980-கள் வரை ஊர் ஊராக ஊசி போட்டார்கள். கண்ணாடி சிரிஞ்சுகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போட்டதில், ஒரு நோயைத் தீர்க்கப் போன முயற்சி இன்னொரு நோயை லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துவிட்டது. அந்த நாடுதான் 2018 அக்டோபரில் இறங்கி, ஏழே மாதத்தில் சுமார் 5 கோடிப் பேருக்குச் சோதனை செய்தது. பாசிட்டிவ் வந்தவர்களை ஆர்.என்.ஏ. சோதனைக்கு அனுப்பி, உள்நாட்டிலேயே தயாரித்த மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல் மக்கள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சோதித்தார்கள். 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புப் பாதையில் தங்கத் தகுதியை முதன்முதலாக அந்த நாட்டுக்குத்தான் கொடுத்தது. மாத்திரை எல்லா இடத்திலும் அதே மாத்திரைதான். அவர்கள் தேடிப் போய்ச் சோதித்தார்கள், சோதித்தவர்களை நடுவில் கைவிடவில்லை.

ஆசிரியர் அவர்களே, ஜூலை 28 உலக ஹெபடைட்டிஸ் தினம். வருஷா வருஷம் அன்றைக்கு ஒரு கட்டுரை போடுகிறீர்கள். இந்தத் தடவை 'உயிர்க்கொல்லி' என்ற தலைப்பை விட்டுவிட்டு, குணமானவர் ஒருவரையும் ஒரு கல்லீரல் மருத்துவரையும் பேசவையுங்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், எப்போதாவது ஊசி பகிர்ந்துகொண்டவர்கள், எப்படி வந்தது என்று யாரும் விசாரிக்காமல் ஒரு தடவையாவது சோதனை செய்துகொள்ளட்டும் என்று எழுதுங்கள். ஆர்.என்.ஏ. சோதனை எங்கெங்கே செய்கிறார்கள், மாத்திரை எங்கே இலவசமாகக் கிடைக்கிறது என்ற பட்டியலைக் கட்டுரையோடு சேர்த்து அச்சிடுங்கள், படிக்கிறவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளும்படியாக. அந்தப் பட்டியலைச் சரிபார்க்க ஆய்வகத் தரப்பிலிருந்து ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானும் என்னோடு வேலை பார்த்த இரண்டு மூன்று பேரும் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
உங்கள் வாசகி